நீ போட்டோ எடு, செல்லம்

டப்பிங் அக்காவின் குரலைக் கேட்காத காது அந்த ஊரில் கிடையாது. ஆளைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வங்கிக்குப் போன் போட்டால் "ஒன்றை அழுத்தவும்" என்று நம் பொறுமையைச் சோதிப்பவள் அவள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் "டோக்கன் எண் நாற்பத்தேழு, அறை எண் மூன்று" என்று கூப்பிடுபவளும் அவள்தான். சலவைத்தூள் விளம்பரத்தில் சட்டைக் கறையைப் பார்த்து நெஞ்சில் கை வைக்கும் மாமியாரும் அவள், "கவலைப்படாதீங்க அத்தை" என்று ஓடிவரும் மருமகளும் அவள். ஒரே மத்தியானத்தில் இரண்டு பேரையும் பேசி முடித்து, சண்டை சச்சரவு இல்லாமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள்.

வயது நாற்பத்திரண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமே குரலால் வந்ததுதான். பத்தொன்பது வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு. "கதவு மூடுகிறது. விலகி நிற்கவும்." அவ்வளவுதான், இரண்டே வரி. அந்தக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர் நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு அந்த இரண்டு வரியையே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு, ஆள் யார் என்று விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார். "விலகி நில்லுன்னு அத்தனை தடவை சொன்னா. நான்தான் கேட்கலை" என்று இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவிடம் தொழில் பழக்கம் இரண்டு உண்டு. புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பதும் அந்த இரண்டைத்தான். ஒன்று, சிரித்துக்கொண்டே பேச வேண்டும். பல் தெரியப் பேசினால்தான் குரலில் வெளிச்சம் விழும், மைக் கண்டுபிடித்துவிடும் என்பாள். இன்னொன்று, ஊருக்கே பேசக் கூடாது, ஒருத்திக்குப் பேச வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் மனசுக்குள் ஏதாவது ஒரு முகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு முகத்துக்கு மட்டும் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக அவள் பிழைப்பு இந்த இரண்டில்தான் ஓடியது. அவள் மானம் போனதும் இதே இரண்டால்தான், அதைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டில் அவளுக்கு ஒரு வார்த்தை உண்டு. செல்லம். மகள் பிறந்த அன்றைக்கு வாயில் வந்தது, பதினைந்து வருஷமாகப் போகவில்லை. "செல்லம், குளிச்சியா?" "செல்லம், குழாயை மூடு." கோபம் வந்தால்கூட "செல்லம், இப்ப உதை வாங்கப்போற" என்றுதான் வரும். பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் வாங்கும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வரும்.

போன வருஷம் ஒரு முகப்பரு ஜெல் விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். முப்பது நொடி. திரையில் நாலு பள்ளிப் பெண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார்கள். முகத்தில் பரு வந்த ஐந்தாவது பெண் ஆசையாக ஓடி வருகிறாள். நாலு பேரில் உயரமாக இருப்பவள் போனை நீட்டி, "நீ போட்டோ எடு" என்கிறாள். பரு பெண் முகம் வாடுகிறது. அப்புறம் ஜெல். பத்தாவது நாள் அவள் நடுவில் நிற்கிறாள், உயரமானவள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கதை அவ்வளவுதான். பருவைவிடப் பெரிய கஷ்டம் உலகத்தில் இல்லை என்று நம்புகிற வயசுக்காரர்களுக்காக எடுத்தது.

உயரமானவளுக்குக் குரல் அக்கா. பதினோரு தடவை பேசியும் சரியாக வரவில்லை. விளம்பரத்தை எடுத்த இயக்குநர், முப்பதைத் தாண்டாத தம்பி, கூண்டுக்கு வெளியிலிருந்து மைக்கில் சொன்னான்: "அக்கா, வில்லி மாதிரி கேக்குது. ஃப்ரெண்டு மாதிரி இருக்கணும். ஆனா குத்தணும்."

அக்கா தண்ணீர் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முகத்தைப் பிடித்தாள். வந்தது மகள் முகம். பல் தெரியச் சிரித்துக்கொண்டு, "நீ போட்டோ எடு, செல்லம்!" என்றாள். கடைசியில் ஒரு பொடிச் சிரிப்பு தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது.

ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கை தட்டினார். தம்பி கூண்டுக்குள்ளேயே ஓடி வந்துவிட்டான். "அக்கா, அந்தச் செல்லம் இருக்கே... கொன்னுட்டீங்க!"

அவளுக்கு அது குத்துகிறது என்று தெரியாதா? தெரியும். நன்றாகக் குத்தியதில்தான் அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இதை மூடி மறைத்து அவளுக்கு நல்ல பேர் வாங்கித்தர எனக்கு இஷ்டமில்லை.

ஒரே மாதத்தில் அந்த வரி தீயாகப் பரவியது. விளம்பரத்திலிருந்து குரலை மட்டும் உருவி எடுத்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ரீல்ஸ் போட்டார்கள். குண்டாக இருக்கிற நண்பனைத் தள்ளிவிட்டு ஒரு கூட்டம். மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு மணப்பெண்ணும் தோழிகளும். நாலு பூனைக் குட்டிகளும் ஓரமாக ஒரு நாயும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவனிடம் மேனேஜரே சொன்னாராம். யாரையாவது ஒதுக்க வேண்டுமென்றால் இனிமேல் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஒதுக்கப்பட்டவன் கோபப்பட்டால், "ஜோக்குடா, தெரியாதா?" என்று அதற்கும் அவனையே குற்றம் சொல்லலாம். அந்த வசதியைச் செய்துகொடுத்தவள் அக்கா.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் முன் சீட்டுப் பிள்ளைகள் அந்த வரியைச் சொன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'அந்தச் சிரிப்பு சரியா வரலையே' என்று மனசுக்குள் திருத்தங்கூடப் போடுவாள். மகளுக்கும் பள்ளியில் ஒரே மவுசு. குரல் யாருடையது என்று தெரிந்ததும் பெரிய வகுப்புப் பெண்கள்கூட வந்து பேசினார்கள்.

பள்ளியில் பெற்றோர் தினம் வந்தது. அக்கா மூன்றாவது வரிசையில் கணவரோடு உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை மேடையிலிருந்து, "நம்ம பள்ளிக்கூடத்துக்கே பெருமை சேர்த்த ஒரு அம்மா இங்க இருக்காங்க" என்று ஆரம்பித்ததுமே பிள்ளைகள் பக்கத்தில் ஓவென்று சத்தம். "வேண்டாம் மிஸ், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா எழுந்துவிட்டாள். வேண்டாம் என்கிறவள் அவ்வளவு வேகமாக மேடை ஏற மாட்டாள்.

கையில் மைக் வந்ததும் பழக்கம் வேலை செய்தது. ஊருக்குப் பேசாதே, ஒருத்திக்குப் பேசு. கீழே முந்நூறு பிள்ளைகள். அதில் ஜன்னல் ஓரமாக ஒரு முகம் வாயைக்கூட மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேரிலும் ஆசையாகக் கேட்கத் தயாராக இருந்த முகம் அதுதான். மேடையிலிருந்து வேறொன்றும் தெரியவில்லை. அக்கா அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டாள். கையை நேராக அந்தப் பக்கம் நீட்டினாள். சிரித்தாள்.

"நீ போட்டோ எடு, செல்லம்!"

அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. விசில். கைதட்டல். அக்கா குனிந்து வணங்கிவிட்டு இறங்கினாள். அன்றைக்கே யாரோ அதை ரீல்ஸ் ஆக்கிப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து சோஃபாவில் சாய்ந்துகொண்டு அக்கா அதைப் பதினோரு தடவை பார்த்தாள். பார்த்தாள் என்பது தப்பு, கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தன் குரலை மட்டும் கேட்டாள். சிரிப்பு விழுந்த இடம் பிரமாதமாக இருந்தது. இதயம் ஒன்றைத் தட்டிவிட்டு, "நம்ம குரல்!" என்று எழுதிக் குடும்பக் குரூப்பில் போட்டாள். நாத்தனார் கைதட்டுகிற பொம்மை ஆறு அனுப்பினாள்.

அதற்கப்புறம் மகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் காலையில், "செல்லம், டிபன் பாக்ஸ்" என்றதற்கு, "என்னை அப்படிக் கூப்பிடாதம்மா" என்று சொல்லிவிட்டுப் பாக்ஸை வாங்காமலே போய்விட்டாள். வயசுக் கோளாறு என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது விஷயம் வெளியே வந்தது.

"எங்க கிளாஸ்ல ஒருத்தி ஒம்பது நாளா வரலை" என்றாள் மகள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஏன், காய்ச்சலா?"

"இல்லை. நீ மேடையில கையைக் காட்டிச் சொன்னியே, அவ."

அக்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நான் சும்மா பொதுவா சொன்னேன். யாரையும் சொல்லலையே."

மகள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு, போனை எடுத்து வந்து அந்த ரீல்ஸைத் திறந்தாள். சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். "இப்பப் பாரு" என்றாள்.

குரல் இல்லாமல் அக்கா அதை முதல் தடவையாகப் பார்த்தாள். எடுத்தவன் அவளை எடுத்ததே ஒரு நொடிதான். அவள் கை நீட்டியதும் கேமரா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கே அந்தப் பெண். கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்புச் சிவப்பாகப் பரு. அவள் முகம் முழுக்கச் சந்தோஷம் பரவுகிறது. மேடைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கிறாள். சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அப்புறம்தான் அவளுக்குப் புரிகிறது. எழுந்தவளுக்கு உட்காரவும் தெரியவில்லை. ரீல்ஸ் அங்கேயே முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, அவள் மறுபடி எழுந்து நிற்கிறாள்.

அடியில் முப்பத்தோராயிரம் லைக். அதில் ஒன்று அக்காவுடையது.

"அவளுக்கு இப்ப பேரே போட்டோ செல்லம்தான். சின்ன கிளாஸ் பசங்ககூட அப்படித்தான் கூப்பிடுறாங்க."

"ஏன் என்கிட்ட அன்னைக்கே சொல்லலை?"

"நானும்தான் சிரிச்சேன்" என்றாள் மகள். அதோடு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நாலு சுவருக்குள் யாரும் பார்க்காத இடத்தில் செய்த தப்பென்றால் அழுதுவிட்டு மறந்திருக்கலாம். இது முந்நூறு பேர் முன்னால், சிரித்த முகத்தோடு, கை நீட்டிச் செய்தது. அப்புறம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தானே அனுப்பியும் வைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது அவளுக்கு. மகள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

கணவரிடம் சொன்னாள். அவர் வழக்கமான கிண்டலை எல்லாம் ஓரம்கட்டிவிட்டு, "போய்ப் பார்த்துட்டு வா. ஆனா ரொம்பப் பேசாதே" என்றார்.

"பேசாம எப்படிங்க மன்னிப்புக் கேக்கிறது?"

"அது எனக்குத் தெரியலை. உன் வாய் உன்னை முந்திக்கிட்டு ஓடும். அதைத்தான் சொல்றேன்."

அந்தப் பெண்ணின் அம்மா கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள் என்று மகள் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை அக்கா அங்கே போனாள். கவுன்ட்டரிலேயே அந்த ஜெல் டியூபுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அட்டையில் வெட்டிய உயரமான பெண் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். காலடியில் கொட்டை எழுத்தில் 'செல்லம்!' அதற்குப் பின்னால், கண்ணாடி போட்ட மெலிந்த ஒருத்தி, சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு?" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா.

"தலைவலி மாத்திரை ஒரு அட்டை" என்றாள் அக்கா. வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போய் இன்னொரு அட்டை வாங்கினாள். "உங்க குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றாள் அந்த அம்மா. அக்கா இருமுவதாகப் பாவனை செய்துகொண்டு படியிறங்கி ஓடினாள். ஊரையே வாயால் வளைத்தவளுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வாயில்லை. வீட்டில் இரண்டு அட்டை மாத்திரை சேர்ந்தது, தலைவலி தீரவில்லை.

புதன்கிழமை மூன்றாவது தடவை போனாள். கடையில் வேறு ஆள் இல்லை. "தலைவலி மாத்திரையா?" என்று கேட்டபடி அந்த அம்மா கையை நீட்டினாள்.

"இல்லைங்க. அந்த விளம்பரத்துல... அந்தக் குரல் என்னோடது. மேடையில உங்க பொண்ணைப் பார்த்துச் சொன்னதும் நான்தான்."

மருந்துக்கடைக்காரம்மா நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்றுதான் அக்கா வந்திருந்தாள். கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் யாருங்க கோபப்பட?" என்றாள் அந்த அம்மா கடைசியில். "இந்த டியூபை நான்தானே தினமும் பத்துப் பதினைஞ்சு பேருக்கு எடுத்துக் கொடுக்கிறேன். அவளுக்கும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அந்த விளம்பரத்தைப் பார்த்துட்டு பத்து நாள்ல போயிடும்மான்னு காலண்டர்ல கோடு போட்டு வச்சிருந்தா. உங்க குரல்னா அவளுக்கு உசிருங்க. அன்னைக்கு உங்களை நேர்ல பார்க்கப்போறோம்னு முன்னாடி வரிசையில இடம் பிடிக்க சீக்கிரமே போனவ."

அக்கா கவுன்ட்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்கூலுக்கு எப்படியாவது அனுப்பிடுவேன். வெள்ளிக்கிழமை கிளாஸ் போட்டோங்க. அந்த ஸ்கூல்ல இதுதான் கடைசி வருஷம். பத்து வருஷம் படிச்சிருக்கா. அந்தப் போட்டோவுலயாவது அவ இருக்கணும்னு பார்க்கிறேன். மாட்டவே மாட்டேங்கிறா. நீங்க வந்து சொன்னா ஒருவேளை கேப்பாளோ என்னவோ. சாயந்திரம் கடை முடிஞ்சு நான் போகும்போது வாங்க."

அந்த அம்மா நம்பிச் சொன்னாள். அதுதான் அக்காவைக் கொன்றது.

சாயந்திரம் வரை அக்கா அந்த வட்டாரத்திலேயே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை நாடகத்தனமாக இருந்தது. இரண்டாவது தடவை வேகம். மூன்றாவது தடவை 'மன்னிச்சிடும்மா'வுக்கு அப்புறம் சின்ன இடைவெளி விட்டதும் நன்றாக வந்தது. 'இது ஓகே' என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மன்னிப்புக்கும் டேக் எடுத்துக்கொண்டிருக்கிறாள்! எதுவுமே ஒத்திகை பார்க்காமல் போவது, அந்த ஒரு வார்த்தையை மட்டும் உயிர் போனாலும் சொல்லாமலிருப்பது என்று முடிவு செய்தாள்.

அவர்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கதவு மூடும்போது அக்காவின் பத்தொன்பது வயதுக் குரல், "கதவு மூடுகிறது. விலகி நிற்கவும்" என்றது. மருந்துக்கடைக்காரம்மா காய்கறிப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது லிஃப்ட் சத்தம், அவ்வளவுதான்.

உள்ளே ஒரு கூடம், இரண்டு நாற்காலி, சுவரில் கோடு போட்ட காலண்டர். அறைக் கதவு சாத்தியிருந்தது. "உன்னைப் பார்க்க அந்த ஆன்ட்டி வந்திருக்காங்க" என்று அம்மா சொல்லியும் பதில் இல்லை. அக்கா கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான்தான்மா. அன்னைக்கு நான் செஞ்சது ரொம்பத் தப்பு. உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

குரல் கணீரென்று, ஆஸ்பத்திரி அறிவிப்பு மாதிரி சுத்தமாக வந்தது. தான் பல் தெரியச் சிரித்துக்கொண்டே பேசுவது அவளுக்கே தெரிந்தது. கையால் வாயைத் துடைத்தாள். மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை தொண்டை கட்டிக்கொண்டது. "எனக்கு... எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நான் அந்த வீடியோவைச் சத்தமில்லாம பார்த்தேன். பார்த்ததுலேர்ந்து என்னால..." அதற்கு மேல் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் இவ்வளவு மோசமாகப் பேசியதே இல்லை.

கதவு ஒரு சாண் திறந்தது.

பக்கத்தில் பார்த்தால் அந்த வயசில் யாருக்கும் இருக்கிற பருதான், பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஜெல்லை அப்பி அப்பித் தோல்தான் உரிந்து சிவந்திருந்தது.

"என்னைப் பார்த்துத்தான் சொன்னீங்களா ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண். "இல்லை, எனக்கு அப்படித் தோணிச்சா?"

பொய் சொல்ல எத்தனை நல்ல இடம்! அக்கா சொல்லவில்லை. "உன்னைப் பார்த்துத்தான். அத்தனை பேர்ல நீதான் ஆசையா கேட்டுக்கிட்டிருந்த. அதனாலதான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்துல வேற எதையும் நான் பார்க்கலை."

பெண் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் உங்களை மாதிரியே பேசிப் பார்ப்பேன். பாத்ரூம்ல" என்றாள். உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. பின்னால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமை போட்டோவுக்கு வருவியா?" என்றாள் அக்கா.

"வர்றேன் ஆன்ட்டி."

அக்காவுக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. மூன்று நாளாகத் தூங்காத கண், கட்டிக்கொண்ட தொண்டை, எல்லாம் ஒரே நொடியில் லேசாகிவிட்டது. அப்படி லேசாகும்போது மனுஷர் வாயில் என்ன வருமோ, பதினைந்து வருஷமாக அவள் வாயில் என்ன வந்துகொண்டிருந்ததோ, அது வந்தது.

"வந்துடு, செல்லம்!"

கடைசியில் அந்தப் பொடிச் சிரிப்பும் ஒட்டிக்கொண்டு வந்தது. அச்சு அசல் அதே டேக்.

பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் கோபப்படவில்லை. "அப்படியே இருக்கு" என்றாள் மெதுவாக. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அக்கா கதவைத் தட்டப் போனாள். மருந்துக்கடைக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதுங்க" என்றாள். "நீங்க வேணும்னு சொல்லலை. எனக்குத் தெரியுது. இப்பக் கிளம்புங்க." அக்கா கூனிக் குறுகி வெளியே வந்தாள். லிஃப்ட் வேண்டாமென்று நாலு மாடியும் படியிறங்கினாள்.

வியாழக்கிழமை இயக்குநர் தம்பிக்குப் போன் போட்டாள். விளம்பரத்திலிருந்து அந்த வார்த்தையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அவன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான்.

"எடுத்தா மட்டும் போயிடுமா அக்கா? அது இப்ப நம்ம கையிலயா இருக்கு? பசங்க கையில போயிடுச்சு. ரெண்டாம் பாகம் எழுதிட்டோம், அடுத்த வாரம் வந்துடுங்க."

"நான் பேச மாட்டேன் தம்பி."

"ஐயோ, என்னக்கா ஆச்சு? சரி, யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னாலும் பரவாயில்லை, உங்களை மாதிரியே பேசுற பொண்ணுங்க நிறைய பேர் வந்திருக்காங்க."

வெள்ளிக்கிழமை அக்கா வேலைக்குப் போகவில்லை. மகள் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நின்றாள். பை தோளிலிருந்து இறங்குவதற்குள், "வந்தாளா?" என்றாள்.

"வந்தா."

"அப்பாடா! நல்லவேளை. எங்க நின்னா? உன் பக்கத்துலயா?"

மகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தாள். "நிக்கலைம்மா. போட்டோக்காரர் யாரும் வரலை, ஸ்கூல் கேமராதான். டீச்சரும் நடுவுல உக்காரணும்ல, யார் எடுக்கிறதுன்னு கேட்டாங்க. நான் எடுக்கிறேன் டீச்சர்னு இவ போய் கேமராவை வாங்கிக்கிட்டா. டீச்சர் வெரி குட்னு சொன்னாங்க. அடுத்தாப்பல வேற யாராவது எடுக்கட்டும், நீ வந்து நில்லுன்னு நான் எவ்வளவோ கூப்பிட்டேன். வரலை."

ஒரு வாரம் கழித்துப் போட்டோ வந்தது. மகள் அதைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். டீச்சரைச் சுற்றி முப்பத்தேழு பிள்ளைகள். பின்வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அதில் சுவர் தெரிந்தது. மகள் சிரிக்கவில்லை. மற்ற எல்லாரும், டீச்சர் உட்பட, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி போட்டோவில் வழக்கமாக விறைத்துக்கொண்டு நிற்பார்களே, அப்படியில்லை.

"எதுக்கு எல்லாரும் இப்படிச் சிரிக்கிறாங்க?" என்றாள் அக்கா.

மகள் திரும்பவில்லை. "எடுக்கிறதுக்கு முன்னாடி அவ சொன்னா. 'நான் போட்டோ எடுக்கிறேன், செல்லம்'னு. அந்தக் கடைசிச் சிரிப்போட."

அக்கா மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

"உன் குரல் மாதிரியே இருந்துச்சும்மா."

அக்கா போட்டோவைக் கீழே வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் கேமராவோடு நின்ற இடத்தில் இப்போது நிற்பது அக்காதான். மகளைத் தவிர மற்ற முப்பத்தாறு பிள்ளைகளும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.